சாற்றைச் சுழற்றும்போது எது பிரிகிறது?

மாங்கூழ் வாங்க வருகிறவர்கள் ருசி பார்ப்பதற்கு முன்பே புள்ளி பார்க்கிறார்கள். கண்ணாடித் தகட்டில் கொஞ்சம் கூழை மெல்லிசாகத் தடவி, வெளிச்சத்தில் பிடித்து, அதில் தெரியும் கறுப்புப் புள்ளிகளையும் பழுப்புப் புள்ளிகளையும் எண்ணுவார்கள். எண்ணிக்கை கூடினால் விலை இறங்கும். ரொம்பக் கூடினால் சரக்கே திரும்பிவிடும். இந்தப் புள்ளிகள் பெரும்பாலும் தோலின் துணுக்குகள்தான். அல்லது காம்படியில் பால் வழிந்து கருகிய இடத்திலிருந்தும், மழையில் நனைந்த பழத்தின்மேல் பூஞ்சை விட்டுப்போன கறையிலிருந்தும் வந்தவை. குடிப்பவருக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. மஞ்சள் பானத்தில் கறுப்பாக ஏதோ மிதந்தால் பூச்சி என்றுதான் நினைப்பார்.

கிருஷ்ணகிரி மாவட்டமும் எல்லைக்கு அப்பால் ஆந்திரத்தின் சித்தூர்ப் பகுதியும்தான் தென்னிந்திய மாங்கூழ்த் தொழிலின் களம். மே கடைசியில் சூடுபிடிக்கும் வேலை ஜூலை வரை இரவு பகலாக ஓடும். காய்ப்பு பிந்திய வருடத்தில் ஆகஸ்ட்டையும் தொடும். வந்து இறங்கும் பழத்தில் பெரும்பகுதி தோத்தாபுரி. பெங்களூரா என்றும், நுனி வளைந்திருப்பதால் கிளிமூக்கு என்றும் நம் சந்தைகளில் விற்கும் அதே மாம்பழம். சதை கெட்டி, விளைச்சல் அதிகம், விலை அல்போன்சாவைவிட மிகக் குறைவு. எனவே பானத் தொழிலுக்கு வாய்த்த பழம் இது.

தொழிற்சாலைக்குள் நுழைந்த பழம் முதலில் குளிக்கும், பிறகு பழுக்கவைக்கும் அறையில் காத்திருக்கும். பழுத்ததும் தேர்வுப் பட்டையில் ஓடும். அழுகல், வெம்பல், அடிபட்டது எல்லாம் அங்கே கையால் பொறுக்கப்படும். பிறகு வெந்நீரிலோ நீராவியிலோ சற்று வாட்டி, கொட்டை நீக்கும் எந்திரத்துக்குப் போகும். துளையிட்ட உருளைக்குள் துடுப்புகள் சுழன்று பழத்தை உருளையின் சுவரோடு அழுத்தித் தேய்க்க, கூழ் துளை வழியே வெளியேறும். கொட்டையும் தோலும் மறுமுனையில் விழும். அடுத்து, இன்னும் சின்னத் துளை உள்ள சல்லடை. அதில் நாரின் பெரும்பகுதி நின்றுவிடும்.

புள்ளி மட்டும் நிற்காது. சல்லடைக்குத் தெரிந்தது அளவு ஒன்றுதான். அரை மில்லிமீட்டர் துளையில் கால் மில்லிமீட்டர் தோல் துணுக்கு தாராளமாக நுழைந்து வந்துவிடும். துளையை இன்னும் சிறிதாக்கினால் கூழே அடைத்துக்கொள்ளும், உராய்வில் சூடேறும், சக்கையோடு நல்ல கூழும் வீணாகும். கூழும் புள்ளியும் ஏறத்தாழ ஒரே அளவுக்கு வந்துவிட்ட பிறகு அளவை வைத்துப் பிரிக்க வழியில்லை. அப்போது வேறொரு குணத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தோல் துணுக்கு, நார்க்கட்டி, மண் ஆகியவை தம்மைச் சூழ்ந்திருக்கும் சாற்றைவிடக் கொஞ்சம் அடர்த்தி கூடியவை. அந்தக் கொஞ்சத்தை வைத்துப் பிழைக்கும் எந்திரம்தான் மையவிலக்கி. தொழிற்சாலையில் யாரும் இந்தப் பெயரைச் சொல்வதில்லை; படுக்கைவாட்டில் சுழலும் வகைக்கு டிகாண்டர், செங்குத்தாகச் சுழலும் வகைக்கு செபரேட்டர்.

திரவத்தில் ஒரு துகள் எவ்வளவு வேகமாக அடியில் இறங்கும் என்பதற்கு ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் 1851இல் ஒரு விதி எழுதினார். நம் பள்ளி இயற்பியல் பாடத்தில் பாகுநிலை பற்றிய பகுதியில் வருவது அதுதான். அடர்த்தி வித்தியாசம் கூடினால் வேகம் கூடும். திரவம் பாகாக இருந்தால் வேகம் குறையும். துகளின் விட்டத்தைப் பொறுத்தவரை, வேகம் விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். விட்டம் பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்றாகிவிடும். பழச்சாற்றுத் தொழிலின் பாதிப் பிரச்சினைகளுக்கு இந்த வர்க்கம்தான் காரணம், மீதிப் பாதிக்கு அதுவேதான் தீர்வு என்று நான் நினைக்கிறேன்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாற்றில் 2 மைக்ரான் விட்டமுள்ள ஒரு துகள் இருக்கிறது. மில்லிமீட்டரை ஐந்நூறாகப் பங்கிட்டால் ஒரு பங்கு. அதன் அடர்த்தி சாற்றைவிடக் கன மீட்டருக்கு 50 கிலோ அதிகம். சாற்றின் பாகுநிலை தண்ணீரைப்போல ஒன்றரை மடங்கு. இந்தத் துகள் ஒரு நாளைக்கு 6 மில்லிமீட்டர்தான் இறங்கும். 10 சென்டிமீட்டர் ஆழமுள்ள பாத்திரத்தின் அடியைத் தொட 16 நாள் ஆகும். துகள் 1 மைக்ரானாக இருந்தால் இரண்டு மாதத்துக்கு மேல். அதற்குள் சாறு புளித்து, நுரைத்து, சாராய வாடை அடிக்கத் தொடங்கி எத்தனையோ நாள் ஆகியிருக்கும்.

விதியில் மிச்சமிருப்பது ஈர்ப்பு முடுக்கம். அதை மாற்ற முடியாது என்று தோன்றும். ஆனால் சுழலும் கிண்ணத்துக்குள் இருக்கும் துகளுக்கு வெளிச்சுவர்தான் அடித்தளம். அதை அந்தச் சுவரை நோக்கித் தள்ளும் மையவிலக்கு விசை ஆரத்துக்கு ஏற்பவும், சுழற்சி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவும் வளரும். 25 சென்டிமீட்டர் ஆரமுள்ள எஃகுக் கிண்ணம் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றினால், விளிம்பில் இருக்கும் துகள் உணர்வது பூமியின் ஈர்ப்பைப்போல ஏறக்குறைய 10,000 மடங்கு. அங்கே ஒரு கிராம் பொருள் பத்து கிலோவாகக் கனக்கும். நாள் முழுக்க 6 மில்லிமீட்டர் இறங்கிய துகள் இப்போது நொடிக்கு முக்கால் மில்லிமீட்டர் நகரும்.

கிண்ணத்தின் விளிம்பு அப்போது மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. வெறும் கையால் தொடக்கூடிய எந்திரமல்ல இது. கிண்ணத்தின் எடை ஒரு பக்கம் சற்றே கூடிவிட்டாலும் தளமே அதிரும். நிறுத்து பொத்தானை அழுத்திய பிறகும் அது ஓய்வதற்கு நெடுநேரம் ஆகும்; முழுவதும் நின்றது உறுதியாகும் வரை மூடியில் கைவைப்பதில்லை என்பது எல்லாச் சாறு ஆலைகளிலும் எழுதி ஒட்டியிருக்கும் சட்டம்.

முக்கால் மில்லிமீட்டர் வேகம்கூடப் போதாது. மணிக்குப் பல ஆயிரம் லிட்டர் சாறு உள்ளே வந்து வெளியே போகிறது. கிண்ணத்துக்குள் ஒவ்வொரு துளியும் தங்குவது சில நொடிகள்தான். அந்தச் சில நொடிகளில் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் கடந்து சுவரை எட்ட நுண்துகளால் முடியாது. இதற்கான விடை பழத்திலிருந்து வரவில்லை. பாலிலிருந்து வந்தது.

சுவீடன் நாட்டுப் பொறியாளர் குஸ்டாஃப் டி லாவல் 1878இல் பாலிலிருந்து ஆடையைப் பிரிக்கும் சுழல் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பாலை ஒரு பக்கம் ஊற்ற ஊற்ற, ஆடை ஒரு குழாயிலும் கொழுப்பு நீங்கிய பால் இன்னொரு குழாயிலும் நிற்காமல் வந்தன. (இன்று விண்ணுக்குப் போகும் ஒவ்வொரு ராக்கெட்டின் அடியிலும் இருக்கும் குறுகி விரியும் கூம்பு வாய்க்கு அவருடைய பெயர்தான். நீராவி டர்பைனுக்காக அதை வடிவமைத்தார்.) பத்தாண்டு கழித்து, ஜெர்மனியைச் சேர்ந்த கிளெமென்ஸ் ஃபான் பெக்டோல்ஷைம் ஒரு திருத்தம் கண்டுபிடித்தார். கிண்ணத்துக்குள் மெல்லிய தகட்டுக் கூம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். டி லாவலின் கம்பெனி அந்த உரிமையை வாங்கிக்கொண்டது.

அடுக்கினால் என்ன ஆகும்? துகள் கிண்ணத்தின் சுவர் வரை போக வேண்டியதில்லை. தலைக்குமேல் இருக்கும் கூம்பின் அடிப்பரப்பைத் தொட்டால் போதும். அரை மில்லிமீட்டர் இடைவெளி. நம் துகளுக்கு ஒரு நொடி வேலை. தொட்டதும் அந்தச் சரிவில் மற்ற துகள்களோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு விளிம்புக்குப் போய்விடும். தெளிந்த சாறு எதிர்ப்புறமாக, மையத்தை நோக்கி ஏறும். ஒரே கிண்ணத்துக்குள் நூறு கூம்பு வைத்தால் நூறு ஆழமற்ற தொட்டிகளை வைத்ததற்குச் சமம். தொட்டி ஆழமாக இருப்பதில் பயனில்லை, படிவதற்கான பரப்புதான் முக்கியம் என்பது இதன் தத்துவம். 1920இல் ஆர்தர் பாய்காட் என்ற ஆங்கில மருத்துவ ஆய்வாளர் வேறோர் இடத்தில் இதையே பார்த்தார்: ரத்தம் வைத்த சோதனைக் குழாயைச் சாய்த்து வைத்தால், நேராக நிற்கும் குழாயைவிட அணுக்கள் வேகமாகப் படிந்தன. சாய்ந்த குழாயில் அணுக்கள் அடி வரை விழ வேண்டியதில்லை, பக்கச் சுவரைத் தொட்டால் போதும். பால்பண்ணையும் ரத்தப் பரிசோதனைக்கூடமும் தனித்தனியே வந்து சேர்ந்த இடம் ஒன்றுதான் என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

விளிம்பில் சேரும் கசடை வெளியேற்றுவதற்கு எந்திரத்தை நிறுத்துவதில்லை. கிண்ணத்தின் அடிப்பாகம் தண்ணீர் அழுத்தத்தில் மேலெழும்பி மூடியிருக்கும். அந்த அழுத்தத்தை விட்டதும் அது கண்ணிமைக்கும் நேரம் கீழிறங்கி விளிம்பைத் திறந்து, உடனே மூடிக்கொள்ளும். சேர்ந்த கசடு வெடிச்சத்தத்தோடு வெளியே அடிக்கும். எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை திறப்பது என்பது சாற்றைப் பொறுத்தது. சீக்கிரம் திறந்தால் கசடோடு நல்ல சாறும் போய்விடும். தாமதித்தால் கசடு கூம்புகளுக்குள் பின்னேறி, தெளிந்து வர வேண்டிய சாறு கலங்கி வரும். அதனால் வெளியேறும் சாற்றின் கலங்கலை ஒளி உணரியால் அளந்து, கலங்கல் ஏறத் தொடங்கும் நேரத்தில் திறக்கிறார்கள்.

அரை மில்லிமீட்டர் இடைவெளிக்குள் மாங்கூழை அனுப்ப முடியாது; அடைத்துவிடும். அதற்குத்தான் டிகாண்டர். படுக்கைவாட்டில் நீண்ட உருளை, ஒரு முனை கூம்பாகக் குறுகியிருக்கும். உருளைக்குள் அதன் சுவரை ஒட்டியபடி ஒரு திருகு, உருளை சுற்றும் திசையிலேயே, ஆனால் நிமிடத்துக்குச் சில சுற்று வித்தியாசத்தில் சுற்றும். கூழ் நடுக்குழாய் வழியே உள்ளே வந்து சுவரோரம் வளையமாகப் பரவும். கனத்த துணுக்குகள் சுவரில் படியும். திருகு அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூம்பின் சரிவில் ஏற்றி, கூழ் மட்டத்துக்கு மேலே கொண்டுபோய் வெளியே தள்ளும். சுத்தமான கூழ் மறுமுனையில் தடுப்புத் தகட்டைத் தாண்டி வழியும். ஈர்ப்பைப்போல இரண்டாயிரம், மூவாயிரம் மடங்கு விசை இதில் கிடைக்கும். செபரேட்டரைவிடக் குறைவுதான். ஆனால் எவ்வளவு சக்கை வந்தாலும் நிற்காமல் தள்ளிக்கொண்டே இருக்கும்.

மாங்கூழ் சாதாரணத் திரவமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டம்ளரில் ஊற்றி வைத்த கெட்டிக் கூழில் ஒரு கறுப்புத் துணுக்கைப் போட்டால் அது போட்ட இடத்திலேயே இருக்கும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தாலும் அங்கேயே இருக்கும். கூழுக்குள் பெக்டினும் செல்சுவர்த் துண்டுகளும் பின்னிக்கொண்டு வலைபோட்டிருக்கின்றன. அந்த வலையை அறுக்கும் அளவு விசை வந்தால்தான் துணுக்கு நகரவே தொடங்கும். ஈர்ப்பு விசைக்கு அந்தச் சக்தி கிடையாது. சுழற்சிக்கு உண்டு. கூழைச் சூடாக அனுப்பினால் அது இளகி வேலை இன்னும் எளிதாகும்.

டிகாண்டரின் சக்கை வாயில் வந்து விழுவதைக் கையில் எடுத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். இளஞ்சூடாக, அழுக்குப் பழுப்பு நிறத்தில், ஈர மண்போல உதிரும் ஒரு பொருள். விரல்களுக்கிடையே தேய்த்தால் முதலில் வழவழப்பு, பிறகு நறநறப்பு. வழவழப்பது கூடவே வந்துவிட்ட நல்ல கூழ். நறநறப்பது நாரும் தோலும் சில சமயம் மண்ணும். அனுபவப்பட்ட ஆபரேட்டர் இதை வைத்தே முடிவெடுப்பார். வழவழப்பு மிகுதியாக இருந்தால் கூழ் வீணாகிறது; திருகின் வேக வித்தியாசத்தைக் குறைப்பார். மறுமுனையில் புள்ளி தெரிந்தால் வரத்தைக் குறைப்பார், இல்லையென்றால் சுழற்சியைக் கூட்டுவார். மணிக்கு 5 டன் ஓடும் ஆலையில் ஒரு சதவீதம் கூடுதலாகச் சக்கையில் போனால் மணிக்கு 50 கிலோ நல்ல கூழ் போயிற்று என்று பொருள். இரவு பகலாக ஓடும் பருவத்தில் இது சின்னத் தொகை அல்ல.

புள்ளிதான் போகிறதே, இன்னும் வேகமாகச் சுற்றினால் இன்னும் சுத்தமாக வராதா? வரும். ஆனால் என்ன விலைக்கு என்று கேட்க வேண்டும். எந்திரத்துக்குக் குப்பை எது, சத்து எது என்று தெரியாது. விழும் வேகம் ஒன்றுதான் அதன் அளவுகோல். மாம்பழத்தின் மஞ்சள் நிறம் கரோட்டினாய்டுகளால் வருவது. அவை தண்ணீரில் கரைவதில்லை, செல் துணுக்குகளோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. துணுக்கை நீக்க நீக்க நிறமும் போகும், கூழின் கனமும் போகும். தக்காளியில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். தக்காளிச் சாற்றைச் சோதனைக் குழாயில் ஊற்றி ஆய்வகச் சுழலியில் சுற்றினால், அடியில் செக்கச்சிவந்த படிவு, மேலே வெளிறிய மஞ்சள் நீர். சிவப்பைத் தரும் லைக்கோபீன் முழுக்க அடியில்தான் இருக்கும். மேலே நிற்பதில் உப்பும் புளிப்பும் சர்க்கரையும் உண்டு; ஆனால் அதைத் தக்காளிச் சாறு என்று யாரும் வாங்கமாட்டார்கள். கேரட்டுக்கும் இதே கதைதான். கேரட் விழுதைப் பிழிவதற்குப் பதில் டிகாண்டரில் விட்டுச் சாறெடுக்கும் ஆலைகளில், நிறம் சக்கையோடு போய்விடாதபடி எங்கே நிறுத்துவது என்பதே பெரிய கேள்வி.

ஆப்பிள் சாற்றுக்காரர்கள் இதை இரண்டு வழியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஜெர்மனியில் கலங்கலான ஆப்பிள் சாற்றுக்குத் தனி மவுசு. அதில் பெரிய துணுக்குகளை மட்டும் செபரேட்டர் எடுத்துவிடும். ஒரு மைக்ரானை ஒட்டிய நுண்துகள்கள் அப்படியே தங்கும். கண்ணாடிபோலத் தெளிந்த சாறு வேண்டும் என்றால் சுழற்சி மட்டும் போதாது. அந்த நுண்துகள்களின் உள்ளே நேர்மின்சுமை கொண்ட புரதம் இருக்கிறது, வெளியே எதிர்மின்சுமை கொண்ட பெக்டின் உறை. ஒரே மின்சுமையுள்ள உறைகள் ஒன்றையொன்று தள்ளுவதால் துகள்கள் சேர்வதில்லை, சேராததால் விழுவதில்லை. பெக்டினைச் சிதைக்கும் நொதியைச் சேர்த்து வெதுவெதுப்பாக வைத்திருந்தால் உறை ஆங்காங்கே கிழியும். ஒன்றின் புரதம் இன்னொன்றின் பெக்டினோடு ஒட்டும். கலங்கிய குடத்தில் தேற்றாங்கொட்டையை உரசிவிட்டதும் மண் திரண்டு அடியில் இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது புரிய நேரமாகாது. விட்டம் பத்து மடங்கானால் விழும் வேகம் நூறு மடங்கு. அதன்பிறகு செபரேட்டர் வேலையைச் சுலபமாக முடிக்கும். கடைசியாகச் சவ்வு வடிகட்டி வழியே போனால் சாறு பளபளக்கும்.

அந்தப் பளபளப்புக்குக் கொடுக்கும் விலை: தெளிந்த ஆப்பிள் சாற்றைவிடக் கலங்கலான சாற்றில் பாலிபீனால்கள் கூடுதலாக இருப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தெளிவு என்பது தரத்தின் அடையாளம் என்று நம் மனத்தில் எப்படியோ பதிந்துவிட்டது. தண்ணீருக்கு அது சரி. பழச்சாற்றுக்கு அந்த அளவுகோலைக் கொண்டுவருவது தவறு என்றே நான் கருதுகிறேன்.

ஆரஞ்சுக்குக் கலங்கல்தான் உயிர். பிழிந்த சாத்துக்குடிச் சாற்றை ஃபிரிட்ஜில் வைத்து மறந்துவிட்டால் மேலே தெளிந்த நீரும் அடியில் திப்பியும் நிற்கும். பழத்திலேயே உள்ள ஒரு நொதி பெக்டினை மாற்றிவிட, சாற்றிலுள்ள கால்சியம் அந்தப் பெக்டின்களைக் கோத்துக் கட்டியாக்கி விழவைக்கிறது. ஆலைகளில் சாற்றை ஏறக்குறைய 90 டிகிரி வரை சூடாக்குவது கிருமிகளுக்காக மட்டுமல்ல. இந்த நொதியை அடக்கவும்தான். அங்கே மையவிலக்கியின் வேலை, திப்பி அளவுக்கு மீறிப் போகாமல் கட்டுப்படுத்துவது. சாற்றில் எவ்வளவு திப்பி என்று அளப்பதும் சுழற்சியால்தான்: 50 மில்லிலிட்டர் கூம்புக் குழாயில் சாற்றை எடுத்துப் பத்து நிமிடம் சுற்றி, அடியில் எத்தனை மில்லிலிட்டர் படிந்தது என்று பார்ப்பார்கள்.

பிரேசிலிலும் ஃபுளோரிடாவிலும் மையவிலக்கிகள் செய்யும் இன்னொரு வேலை உண்டு. வரும்படி தரும் வேலை. ஆரஞ்சுத் தோலை நசுக்கும்போது வெளிவரும் எண்ணெய் தண்ணீரோடு கலந்து பால்போல நிற்கும். எண்ணெய் தண்ணீரைவிட இலேசு. லிட்டருக்கு 840 கிராம் அளவுதான். சுழற்றினால் கனத்தது வெளியே போக, இலேசான எண்ணெய் மையத்துக்கு வரும். முதல் சுற்றில் திப்பியையும் பெரும்பகுதித் தண்ணீரையும் நீக்கி, இரண்டாவது எந்திரத்தில் மெருகேற்றினால் சுத்தமான எண்ணெய். பிறகு வாரக்கணக்கில் குளிரில் வைத்து மெழுகைப் படியவிடுவார்கள். மிட்டாய், சோப்பு, வாசனைத் திரவியம் என்று அது போகாத இடமில்லை.

சாற்றைச் சுழற்றுவதில் ஒரு பக்கவிளைவு காற்று. அத்தனை வேகத்தில் சிதறும் திரவம் காற்றை இழுத்துக்கொள்ளும். காற்றிலுள்ள ஆக்சிஜன் வைட்டமின் சியைத் தின்னும், நிறத்தைப் பழுப்பாக்கும், வாசனையை மட்டுப்படுத்தும். அதனால் நல்ல செபரேட்டர்களில் சாறு உள்ளே நுழைவதும் வெளியேறுவதும் காற்றுப் படாத அடைப்புக்குள் நடக்கிறது. டிகாண்டரிலிருந்து வந்த கூழையும் வெற்றிடக் கலத்தில் விட்டுக் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் கிருமிநீக்கத்துக்கு அனுப்புகிறார்கள்.

வீட்டுக்கு வாங்கும் சுழல் ஜூஸர் பற்றி உலவும் பயத்துக்கு இந்த இடத்தில் பதில் சொல்லலாம். அது சல்லடைக் கூடையைச் சுழற்றுவது. சாறு துளை வழியே தெறிக்கும், சக்கை கூடையில் தங்கும். வேகமாகச் சுற்றுவதால் சூடேறிச் சத்தெல்லாம் செத்துவிடும் என்கிறார்கள். சாற்றின் வெப்பம் சில டிகிரிதான் உயர்கிறது. வைட்டமினை அழிக்க அது போதாது. காற்றுப்படுவது உண்மை, பிழிந்ததும் குடித்துவிட்டால் அதனால் பெரிய இழப்பில்லை. நிஜமான இழப்பு கூடையில் ஒட்டிக்கொண்டு குப்பைக்குப் போகும் நார். ஜூஸர் எந்த வகையாக இருந்தாலும், மிக்ஸியில் அடித்து வடிகட்டினாலும், இந்த இழப்பு உண்டு.

கிருஷ்ணகிரிக் கூழ் பீப்பாய்க்குள் போன பிறகும் ஸ்டோக்ஸ் விதி அதை விடுவதில்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி மாம்பழ பானம் என்று விற்பதற்கு 10 சதவீதம் பழச்சாறு இருந்தால் போதும். பீப்பாயில் இருக்கும்வரை கூழின் வலை துணுக்குகளைத் தாங்கிப் பிடித்திருந்தது. பத்தில் ஒரு பங்காகத் தண்ணீரில் கரைத்ததும் வலை அறுந்துவிட்டது. 20 மைக்ரான் துணுக்கு, பாகுநிலை குறைந்த சர்க்கரைத் தண்ணீரில், நான்கு மணி நேரத்தில் 10 சென்டிமீட்டர் இறங்கிவிடும். அலமாரியில் நிற்கும் பாட்டிலில் அடியில் மஞ்சள் படிவு, மேலே நிறமற்ற நீர். இதைத் தவிர்க்கப் பானத்தை மிகுந்த அழுத்தத்தில் நுண்ணிய வாய் வழியே செலுத்தித் துணுக்குகளை இன்னும் பொடியாக்குகிறார்கள்; பாகுநிலையை உயர்த்தப் பெக்டின் போன்றவற்றைச் சேர்க்கிறார்கள். விழவைப்பதற்கு விட்டத்தைப் பெரிதாக்கிய அதே சமன்பாடு இங்கே விழாமல் இருக்க விட்டத்தைச் சிறிதாக்கச் சொல்கிறது. குலுக்கிக் குடிக்கவும் என்று லேபிளில் எழுதுவது, அதற்குப் பிறகும் மிஞ்சுகிற படிவுக்காக.

மழை முந்திவிட்ட வருடங்களில் டிகாண்டர் விவசாயிக்கும் துணைநிற்கிறது. தோலில் புள்ளி விழுந்த, ஆனால் சதை நன்றாக இருக்கும் பழத்தை முன்பெல்லாம் ஆலைகள் திருப்பி அனுப்பிவிடும். இப்போது அதிலிருந்து விற்கத்தக்க கூழ் எடுக்க முடிகிறது. விலை விழுந்து, பறிப்புக் கூலிக்கே கட்டாத பருவங்களைப் பார்த்த பகுதி அது. வாங்கப்படும் ஒவ்வொரு லோடும் அங்கே கணக்கில் வரும்.

ஆனால் இந்த வசதியிலேயே ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. புள்ளியை எந்திரம் எடுத்துவிடும் என்ற தைரியத்தில் தேர்வுப் பட்டையில் ஆள் குறைக்கத் தோன்றும். சுழற்சியால் பிரிக்க முடிவது கரையாததை மட்டுமே. கரைந்துவிட்டதற்கு விழும் வேகம் என்று ஒன்று கிடையாது. அது சாற்றின் பகுதியாகவே ஆகிவிட்டது. அழுகிய ஆப்பிளில் வளரும் பூஞ்சை பட்டுலின் என்ற நச்சை உண்டாக்குகிறது. அது தண்ணீரில் கரைவது. சாற்றைப் பதப்படுத்தும் சூட்டிலும் பெரும்பகுதி அழிவதில்லை. அதனால்தான் ஆப்பிள் சாற்றில் அது கிலோவுக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று பன்னாட்டு உணவுத் தர விதிகள் வரம்பு கட்டியிருக்கின்றன. மாம்பழத்திலும் அழுகலின் வாடை, புளித்த சுவை, தெளித்த மருந்தில் கரைந்துவிட்ட பகுதி எதுவும் டிகாண்டரில் நிற்காது. கண்ணுக்குத் தெரியும் கறுப்புப் புள்ளி போய்விடும், அதை உண்டாக்கிய அழுகலின் ருசி கூழிலேயே தங்கிவிடும். வாங்குபவரின் கண்ணாடித் தகட்டில் அது தெரியாது.

எனவே சாற்றின் தரம் உண்மையில் தீர்மானமாகும் இடம் இன்னமும் அந்தப் பட்டைதான். பருவம் முழுக்க எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் நின்றபடி, ஓடும் பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, விரலால் அமுக்கி, சந்தேகம் வந்தால் மோந்து பார்த்து ஒதுக்குகிறவர்கள் பெரும்பாலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வரும் பெண்கள். ஒரு பழத்துக்கு அவர்களுக்குக் கிடைப்பது ஒரு நொடிதான். அவர்களுக்கு நல்ல வெளிச்சமும், பட்டை ஓடும் வேகத்தில் நிதானமும், மூன்று மாதத்துக்கு மேலும் நிலைக்கும் வேலையும் கொடுப்பதற்கு ஆகும் செலவு ஒரு டிகாண்டரின் விலையோடு ஒப்பிட்டால் பெரிதல்ல.